இமயத்தை அளந்த கணக்கர்

எவரெஸ்ட் சிகரத்தின் பெயரைப் பள்ளிப் பிள்ளைகளும் அறிவர். அதன் உயரக் கணக்குக்குத் தலைமை தாங்கிய ராதாநாத் சிக்தாரை எத்தனை பேர் அறிவர்? நம் தோழர்கள் அறிந்திருக்க வேண்டும், எனவே எழுதுகிறோம்.

1813இல் கல்கத்தாவில் பிறந்தார். இந்துக் கல்லூரியில் கணிதம் கற்று, 1831இல் மாதம் 30 ரூபாய் சம்பளத்தில் சர்வே இலாகாவில் கணக்கரானார். 1802இல் நம் பரங்கிமலை அருகே லாம்டன் துரை தொடங்கிவைத்த முக்கோண அளவை அப்போது வடக்கே நகர்ந்துகொண்டிருந்தது.

1843இல் டேராடூனில் நடந்ததைக் கேளுங்கள். மாஜிஸ்டிரேட் வான்சிட்டார்ட், சர்வே இலாகாக் கூலியாட்களைப் பிடித்துத் தம் மூட்டைகளைச் சுமக்க வைத்தார். கூலி கிடையாது! சிக்தார் மூட்டைகளைத் தடுத்து நிறுத்தினார், துரையோடு வாதாடினார். கிடைத்த பரிசு 200 ரூபாய் அபராதம். 30 ரூபாயில் வேலைக்குச் சேர்ந்தவருக்கு 200 ரூபாய் என்றால் என்ன என்பதைச் சம்பளத்தை எண்ணி வாங்குவோருக்கு நாம் சொல்லவேண்டியதில்லை.

ஏறாத மலையை அளப்பது எப்படி? இக்கரையில் இரண்டு முளை அடித்து, இடைத்தூரத்தை அளந்துகொள்க. இரு முளையிலிருந்தும் அக்கரைப் பனையைப் பார்த்துக் கோணம் எடுத்தால், இரண்டு பார்வைக் கோடுகளும் வெட்டிக்கொள்ளும் இடமே பனை நிற்கும் இடம். ஆற்றைக் கடக்காமலே தூரம் கிடைத்துவிடும். தூரம் தெரிந்தபின், அண்ணாந்து பார்க்கும் கோணம் உயரத்தைச் சொல்லும். நேபாளத்துக்குள் நுழைய அனுமதியில்லை. ஆகவே 1849, 1850ஆம் ஆண்டுகளில் பீகார்ச் சமவெளியில் ஆறு இடங்களிலிருந்து, நூறு மைலுக்கு அப்பால் நின்ற சிகரத்தை நோக்கினர். அவ்வளவு தொலைவில் காற்று ஒளியை வளைக்கும். பூமியின் வளைவும் சேரும். இவற்றையெல்லாம் கழித்துக் கூட்டுவதே கல்கத்தாக் கணக்கர்களின் வேலை. அவர்களுக்குத் தலைவர் சிக்தார். 1856இல் வெளியான விடை 29,002 அடி. 2020இல் சீனமும் நேபாளமும் அறிவித்தது 8,848.86 மீட்டர், ஏறத்தாழ 29,032 அடி. வித்தியாசம் 30 அடிதான்!

1865இல் லண்டன் புவியியல் சங்கம் சூட்டியதோ எவரெஸ்ட் துரையின் பெயரை. அவர் 1843இலேயே ஓய்வு பெற்றவர். அந்தப் பெயர் பொருந்தாது என்று அவரே மறுத்தார் என்பதையும் நாம் மறைக்கக் கூடாது.

இதைவிடக் கொடுமை ஒன்றுண்டு. 1851இல் இலாகாவின் அளவை நூல் வெளிவந்தது. அதன் கணக்குப் பகுதிகளுக்குச் சிக்தார் தந்த உழைப்பை முன்னுரையில் பெயர் சொல்லிப் பாராட்டியிருந்தனர். 1870இல் அவர் மறைந்தார். 1875இல் வந்த மூன்றாம் பதிப்பில் அவர் கணக்கு இருந்தது, பெயர் இல்லை. செத்தவர் எழுந்துவந்து கேட்கவா போகிறார் என்று எண்ணினர் போலும். மறு ஆண்டே பிரெண்ட் ஆஃப் இந்தியா ஏடு இதை வன்மையாகக் கண்டித்தது. அது வெள்ளையர் நடத்திய ஏடு.