கடலின் நிறத்தை ஆராய்ந்த தமிழர் – சர் சி.வி. இராமன்

2020ஆம் ஆண்டு செப்டம்பர் 9ஆம் நாள் ஃப்ரீமான்ட் உள்ளிட்ட வளைகுடாப் பகுதியெங்கும் பட்டப்பகலிலேயே வானம் செம்மஞ்சளாய் மாறியது. காட்டுத்தீயின் புகைத்துகள்கள் கதிரவனின் நீல ஒளியைத் தடுத்தமையே அதற்குக் காரணம். காற்றிலும் நீரிலும் ஒளி எவ்வாறு சிதறுகிறது என்பதை ஆராய்ந்து உலகப்புகழ் பெற்ற தமிழரின் வரலாற்றை இங்குக் காண்போம்.

சந்திரசேகர வேங்கட இராமன் 1888 நவம்பர் 7 அன்று திருச்சிராப்பள்ளியில் பிறந்தார். சென்னை மாநிலக் கல்லூரியில் பயின்று, பதினெட்டாம் அகவையிலேயே முதுகலைப் பட்டம் பெற்றார். 1907இல் அரசின் நிதித்துறையில் உயர்பதவி ஏற்றுக் கல்கத்தா சென்றார். அலுவல் நேரம் போக, காலையும் மாலையும் இந்திய அறிவியல் வளர்ச்சிக் கழகத்தின் ஆய்வுக்கூடத்தில் உழைத்தார். 1917இல் குறைந்த ஊதியத்தையும் பொருட்படுத்தாது, அப்பதவியைத் துறந்து கல்கத்தாப் பல்கலைக்கழகப் பேராசிரியரானார்.

1921இல் இங்கிலாந்துப் பயணத்தின்போது மத்தியதரைக் கடலின் ஆழ்ந்த நீலம் அவர் உள்ளத்தைக் கவர்ந்தது. வானத்தின் நீலமே கடலில் எதிரொளிக்கிறது என்பது நோபல் பரிசு பெற்ற ராலே பிரபுவின் கருத்து. பெரியவர் கூறினார் என்பதற்காக இராமன் அதனை ஏற்றுக்கொள்ளவில்லை. கப்பலின் மேல்தளத்தில் நின்று, சிறு நிக்கல் பட்டகத்தின் வழியே எதிரொளியை விலக்கிப் பார்த்தார். நீலம் மறையவில்லை! நீரின் மூலக்கூறுகளே ஒளியைச் சிதறச் செய்கின்றன என்று தெளிந்தார். நீர் செந்நிற ஒளியை உட்கவர்ந்துகொள்வதும் அந்நீலத்திற்குப் பெருங்காரணம் என்பது இன்றைய அறிவியலின் விளக்கம்.

ஆய்வு தொடர்ந்தது. நீர்மத்தில் சிறிது தூசியிருப்பினும் அது சிதறடிக்கும் ஒளியில் நுண்ணிய ஒளி மறைந்துவிடும். ஆகவே இராமனும், வத்திராயிருப்பில் பிறந்த அவர்தம் மாணவர் கே.எஸ். கிருஷ்ணனும் நீர்மங்களைத் தூசியறத் தூய்மைப்படுத்திப் பொறுமையுடன் ஆராய்ந்தனர். சிதறிய ஒளியின் ஒரு சிறுபகுதி நிறம் மாறுவதை 1928 பிப்ரவரி 28 அன்று கண்டறிந்தனர். இதுவே இராமன் விளைவு. இதற்காக 1930இல் இராமனுக்கு நோபல் பரிசு கிடைத்தது. 1954இல் பாரத ரத்னா விருது பெற்ற அவர், 1970 நவம்பர் 21 அன்று பெங்களூரில் மறைந்தார்.

சகாரா பாலைவனத்தின் தூசி ஆண்டுதோறும் அட்லாண்டிக் பெருங்கடலைக் கடந்து டெக்சாஸ் வரை வருகிறது. வானில் லேசர் ஒளியைச் செலுத்தி அத்தூசிப் படலத்தை அளக்கும் கருவிகளிலும் இராமன் விளைவு பயன்படுகிறது. தூசியை நீக்கிக் கண்ட உண்மை, இன்று தூசியையே அளக்க உதவுகிறது!

செல்வங்களே, எவர் கூறினும் ஆராய்ந்து உண்மை காணும் துணிவே இராமன் நமக்கு விட்டுச்சென்ற செல்வம். அதனைப் போற்றுவோம்!