ஆட்டுக்கும் கோழிக்கும் ஊசி தந்த லூயி பாஸ்டர்



இந்த மலருக்கு ஆளுக்கு ஒரு பெரிய மனிதரைப் பற்றி எழுதிக் கொடுக்கணும்னு தலைவி அக்கா சொன்னாங்க. காமராஜர், அன்னை தெரசா எல்லாரையும் மற்ற குழுக்காரங்க எடுத்துக்கிட்டாங்க. நான் லூயி பாஸ்டரை எடுத்துக்கிட்டேன். பள்ளிக்கூடத்து அறிவியல் புத்தகத்தில் படித்த பேர்தான். பரீட்சை முடிஞ்சதும் மறந்து போச்சு. மறுபடி தேடிப் படிக்க வைத்தது என் கோழிகள்.

மூணு வருஷம் முன்னாடி குழுவில் உள்கடன் வாங்கி 14 நாட்டுக்கோழி வாங்கினேன். ஊரில் தடுப்பூசி முகாம் போட்டாங்க. ஊசி போட்டா கோழி முட்டை வைக்காதுன்னு யாரோ சொன்னதை நம்பி நான் கொண்டு போகவில்லை. பங்குனியில் வெள்ளைக்கழிச்சல் வந்தது. நாலே நாளில் 12 கோழி கழுத்தைத் திருகிக்கிட்டுச் செத்துப் போச்சு. கோழி போன பிறகும் பத்து மாசம் கடன் தவணை மட்டும் கட்டினேன். அடுத்த முகாமில், உலகத்திலேயே முதல்முதலா ஆய்வுக்கூடத்தில் தயாரித்த தடுப்பு மருந்து கோழிக்குத்தான் போட்டாங்கன்னு கால்நடை டாக்டர் சொன்னார். அப்புறம்தான் நூலகத்தில் போய் பாஸ்டர் புத்தகம் எடுத்தேன்.

பாஸ்டர் 1822 டிசம்பர் 27ஆம் தேதி பிரான்ஸ் நாட்டில் டோல் என்ற ஊரில் பிறந்தார். அப்பா நெப்போலியன் படையில் இருந்துவிட்டு வந்து தோல் பதனிடும் தொழில் செய்தவர். வசதியான வீடு இல்லை. பாஸ்டர் சின்ன வயசில் நல்லா படம் வரைவாராம். அவர் டாக்டரும் இல்லை, கால்நடை டாக்டரும் இல்லை. வேதியியல் படித்தவர். பால், திராட்சை ரசம் எல்லாம் கெடுவதற்குக் கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்தான் காரணம்னு காட்டினார். அளவான சூட்டில் வைத்தால் அது கெடாதுன்னு அவர் கண்டுபிடித்த முறைதான் இன்னைக்கு நாம வாங்குற பாக்கெட் பால் வரைக்கும் வந்திருக்குது. பாஸ்டரைஸ் பண்ணின பால்னு சொல்றது அவர் பேரைத்தான்.

1849ல் மேரி லாரன்ட் என்ற பெண்ணைக் கல்யாணம் செய்தார். இந்த மேரி அம்மாவைப் பற்றித்தான் எனக்கு நிறைய எழுதணும். புத்தகத்தில் கொஞ்சம்தான் இருக்குது. ராத்திரி ஆனா அவர் சொல்லச் சொல்ல அந்தம்மா எழுதுவாங்க. அப்புறம் அழகா பிரதி எடுப்பாங்க. அஞ்சு பிள்ளைங்க பிறந்ததில் மூணு பெண் பிள்ளைங்க சின்ன வயசிலேயே இறந்து போனாங்க. ஜான் 1859ல், கமீல் 1865ல், செசீல் 1866ல். இதில் ரெண்டு பேர் டைபாய்டு காய்ச்சலில் போனவங்க. நோய்க்குக் காரணம் தேடி அலைந்தவர் வீட்டுக்குள்ளேயே நோய் வந்து பிள்ளைகளைக் கொண்டு போயிருக்குது.

கமீல் இறந்த அந்த 1865லதான் பட்டுப்புழு வேலை வந்தது. பிரான்சின் தென்பகுதியில் பட்டு வளர்த்த குடும்பங்கள் பெப்ரின் என்ற நோயால் நொடிந்து போயிருந்தாங்க. புழு மேல் மிளகு தூவின மாதிரி கறுப்புப் புள்ளி வரும், கூடு கட்டாமலே செத்துப் போகும். பாஸ்டரின் ஆசிரியர் அவரைப் போகச் சொன்னார். அதுவரை பாஸ்டர் பட்டுப்புழுவைக் கையால் தொட்டதுகூட இல்லை. அலேஸ் என்ற ஊருக்குப் போய் அஞ்சு வருஷம் இதே வேலை. அந்த வேலையில் மேரி அம்மாவும் மகள் மேரி லூயிஸும் இலை பறித்துப் போட்டு, தட்டு மாற்றிப் புழு வளர்த்திருக்காங்க. பட்டு வளர்க்கிற நம்ம சகோதரிகளுக்கு அது எவ்வளவு வேலைன்னு தெரியும். ராத்திரி தூக்கம் இருக்காது.

கடைசியில் அவர் சொன்ன வழி சுலபமானது. தாய் அந்துப்பூச்சி முட்டை வைத்த பிறகு அதை நசுக்கி நுண்ணோக்கியில் பார்க்கணும். நோய்க்கிருமி தெரிந்தால் அந்த முட்டையை எரித்துவிடணும். இல்லாவிட்டால் வளர்க்கலாம். நோயற்ற முட்டைத் தொகுதின்னு இன்னைக்கும் விற்கிறாங்களே, அது இப்படித் தாய்ப்பூச்சியைப் பரிசோதித்து எடுக்கிறதுதான். இந்த வேலை நடக்கும்போதே 1868 அக்டோபரில் பாஸ்டருக்குப் பக்கவாதம் வந்து இடது பக்கம் விழுந்து போச்சு. வயசு 45. கட்டிலில் படுத்துக்கொண்டே சொல்லி வேலையை நடத்தினார். இடது கை கடைசி வரை சரியாகவில்லை. இதுக்கு அப்புறம் செய்த வேலைகள்தான் பெரிய வேலைகள்.

அடுத்தது அடைப்பான் நோய். ஆட்டையும் மாட்டையும் திடீர்னு கொல்லும், வாயிலும் மூக்கிலும் கறுப்பு ரத்தம் வரும். இதன் கிருமி மண்ணில் பல வருஷம் சாகாமல் கிடக்கும்னு ஜெர்மனியில் ராபர்ட் காக் என்ற டாக்டர் 1876ல் காட்டியிருந்தார். ஆழத்தில் புதைத்த ஆட்டின் நோய் மேலே மேயுற ஆட்டுக்கு எப்படி வருதுன்னு பாஸ்டர் யோசித்தார். ஆடு புதைத்த இடத்தில் மண்புழுக்கள் மண்ணை மேலே கொண்டுவந்து தள்ளியிருந்ததைப் பார்த்தார். அந்த மண்ணில் கிருமி இருந்தது. அடைப்பானில் செத்த மாட்டை அறுக்காதே, தோலை உரிக்காதே, சுண்ணாம்பு போட்டு ஆழமாப் புதைன்னு டாக்டருங்க கறாரா சொல்றது இதனாலதான். தோலுக்குக் கிடைக்கிற காசை நினைத்து நாம கேட்கிறதில்லை.

இதில் ஒரு கோழிக் கதையும் இருக்குது. கோழிக்கு அடைப்பான் வராது. கோழியின் உடம்புச் சூடு அதிகம் என்பதால் இருக்குமோன்னு நினைத்து, கிருமி போட்ட கோழியின் காலைக் குளிர்ந்த தண்ணியில் வைத்து உடம்பைக் குளிர வைத்தார். கோழிக்கு நோய் வந்தது. இன்னொரு கோழிக்கு அதே மாதிரி நோய் வர வைத்து, வெளியே எடுத்துச் சூடேற்றினார். அது பிழைத்தது. பாவம் அந்தக் கோழிகள். ஆனா யோசனையைப் பாருங்க.

1879ல் கோழிக் காலரா கிருமியை வளர்த்து ஆராய்ந்துகொண்டிருந்தார். கோடை விடுமுறையில் அந்தக் கிருமிச் சாறு அப்படியே கிடந்துவிட்டதாம். திரும்பி வந்து அந்தப் பழைய சாற்றைக் கோழிகளுக்குப் போட்டால் கோழி கொஞ்சம் சோர்ந்து பிழைத்துக்கொண்டது. அப்புறம் புதுச் சாற்றைப் போட்டாங்க. முதல் தடவை பழையது போட்ட கோழி சாகவில்லை, மற்றது செத்தது. பழசாகிப் பலம் குறைந்த கிருமி, பலமான கிருமியைத் தடுக்குதுன்னு அவருக்குப் புரிந்தது. மோர் உறைக்கு நாள்பட்டால் வீரியம் போகுதே, அது மாதிரின்னு நான் நினைத்துக்கிட்டேன். 1880ல் இதை உலகத்துக்குச் சொன்னார்.

அடுத்த வருஷம் 1881ல் புயி லெ ஃபோர் என்ற ஊர்ப் பண்ணையில் எல்லார் முன்னாடியும் சோதனை. 50 ஆடு. 25க்கு மே 5ஆம் தேதி ஒரு ஊசி, 17ஆம் தேதி ஒரு ஊசி. மீதி 25க்கு ஒன்றும் இல்லை. மே 31ல் எல்லா ஆட்டுக்கும் கொல்லுகிற அடைப்பான் கிருமியைப் போட்டாங்க. ஊசி போட்ட ஆடு ஒன்று சோர்ந்திருக்குன்னு செய்தி வந்ததும் பாஸ்டர் ராத்திரி முழுக்கப் பதறி, கூட வேலை செய்தவர்களைத் திட்டினாராம். ஜூன் 2ஆம் தேதி போய்ப் பார்த்தால் ஊசி போடாத ஆடுகள் வரிசையாகச் செத்துக் கிடக்குது, மீதி இருந்ததும் அன்னைக்கே போச்சு. ஊசி போட்ட ஆடுகள் மேய்ந்துகொண்டிருந்தன. சினையாடு ஒன்று மட்டும் மறுநாள் இறந்தது.

நான் மறைக்காமல் சொல்லணும். அந்த ஊசி மருந்து, பாஸ்டர் வெளியில் சொன்ன முறையில் தயாரித்தது இல்லை. அவர் உதவியாளர் ஷாம்பர்லான் ரசாயனம் சேர்த்துத் தயாரித்தது. இதுக்கு நெருங்கின முறையை முன்னாடியே சொன்னவர் துலூஸ் ஊர்க் கால்நடை மருத்துவர் துசேன். அவர் பேரை யாரும் நினைக்கவில்லை, 1890ல் சின்ன வயசிலேயே இறந்தார். பாஸ்டரின் குறிப்பேடுகள் ரொம்ப காலம் கழித்து வெளியே வந்தபோதுதான் இது தெரிந்தது. பெரிய மனிதர்தான், ஆனா இந்த ஒன்று எனக்குப் பிடிக்கவில்லை. குழுவில் ஒருத்தி செய்த வேலையை இன்னொருத்தி பேரில் எழுதினா நாம சும்மா விடுவோமா?

வெறிநாய்க்கடிக்கு ஊசி கண்டுபிடித்தது எல்லாருக்கும் தெரியும். 1885 ஜூலை 6ல் ஜோசப் மைஸ்டர் என்ற 9 வயசுப் பையனுக்கு ஊசி போட ஆரம்பித்தாங்க. அவன் பிழைத்தான். அதுக்கப்புறம் பாஸ்டர் நிலையம் கட்ட ஊர் ஊராகப் பணம் வந்தது. ரஷ்ய ராஜா 1 லட்சம் பிராங்க் கொடுத்தார், ஏழைகள் சில்லறை கொடுத்தாங்க. 20 லட்சத்துக்கு மேல் சேர்ந்து, 1888ல் பாரிசில் திறந்தாங்க. அதே பேரில் நம்ம குன்னூரில் 1907ல் வந்தது. ஆடு மாடு கோழிக்கு ஊசி மருந்து தயாரிக்க ராணிப்பேட்டையில் 1932ல் ஒரு நிலையம் வந்தது. வடக்கே முக்தேஸ்வர் மலையில் எட்வர்ட்ஸ் என்பவர் 1920களில் மாட்டு வெக்கை நோய்க் கிருமியை ஆட்டுக்குள் திரும்பத் திரும்பச் செலுத்திப் பலம் குறைத்து ஊசியாக்கினார். அதுவும் பாஸ்டர் போட்ட வழிதான். நம்ம கோழிக்கு வருகிற வெள்ளைக்கழிச்சலுக்கு ராணிக்கெட் என்ற பேர்கூட அந்தப் பக்கத்து மலை ஊர்ப் பேர்தான்.

செவ்வாய்ப்பேட்டைக்குப் புண்ணாக்கு வாங்கப் போகும்போது கூட வருகிற அக்காகிட்ட இதெல்லாம் பஸ்ஸில் சொல்லிக்கிட்டு வந்தேன். அவங்க முழுசும் கேட்டுட்டு, மேரி அம்மா அப்புறம் என்ன ஆனாங்கன்னு மட்டும்தான் கேட்டாங்க.

பாஸ்டர் 1895 செப்டம்பர் 28ஆம் தேதி 72 வயசில் இறந்தார். மேரி அம்மா அதுக்கப்புறம் 15 வருஷம் இருந்து 1910ல் இறந்தாங்க. பாரிசில் அந்த நிலையத்துக்கு அடியிலேயே அவர் சமாதி இருக்குது. அந்தம்மாவையும் அங்கேயே அடக்கம் செய்திருக்காங்க.