நாடு கடத்தப்பட்டோரை அரவணைத்த ஜி. ஏ. நடேசன்

நாடு கடத்தும் அரசாங்கம் கப்பற் கட்டணத்தை மாத்திரமே செலுத்துகின்றது. கரையில் இறக்கப்பட்டவரின் மறுநாள் உணவை அது கணக்கிற் கொள்வதில்லை. அந்தக் கணக்கைத் தமதாக ஏற்றவர் சென்னைப் பதிப்பாளர் ஜி. ஏ. நடேசன்.

1873இல் தஞ்சாவூர் மாவட்டத்தில் பிறந்த நடேசன், 1900இல் இந்தியன் ரிவியூ என்னும் ஆங்கில மாத சஞ்சிகையை ஆரம்பித்தார். தென்னாபிரிக்க இந்தியரின் இன்னல்களை எடுத்துரைக்க 1909இல் இந்தியா வந்த ஹென்றி போலக்கின் நூலை வெளியிட்டவரும் அவரே.

டிரான்ஸ்வாலின் பதிவுச் சட்டத்துக்கு எதிராகக் காந்தி நடத்திய சத்தியாக்கிரகத்தில் தமிழரும் முஸ்லிம்களும் ஒன்றாகச் சிறை சென்றனர். வர்த்தகர் அகமது முகமது கச்சாலியா தமது வியாபாரத்தையே இழந்தார். சிறைக்கும் பணியாதோரை அரசாங்கம் 1910இல் இந்தியாவுக்கு நாடு கடத்தியது. அவர்களுட் பெரும்பாலானோர் தமிழர். தென்னாபிரிக்காவிலேயே பிறந்து, இந்தியாவைக் கண்டிராதோரும் அவர்களுள் இருந்தனர். அவர்களது குடும்பங்களோ உழைப்பாளியை இழந்து டிரான்ஸ்வாலில் தவித்தன.

சென்னை வந்தடைந்தோரை நடேசன் பராமரித்தார். அவர்களுக்கு நேர்ந்த அநீதியைப் பொதுமக்கள் அறியச் செய்தார். அதே ஆண்டிலேயே அவர்களுட் பலர் போலக்குடன் மீண்டும் கப்பலேறினர். ஆயினும், துறைமுகங்களில் இறங்க அனுமதி மறுக்கப்பட்டுக் கப்பற் தளத்திலேயே அலைக்கழிக்கப்பட்ட நாராயணசாமி என்பவர் 1910 ஒக்டோபரில் டெலகோவா குடாவில் உயிர்நீத்தார். அங்கு தவித்த குடும்பங்களுக்கு, கல்லன்பாக் வழங்கிய சுமார் 1,100 ஏக்கர் நிலத்தில் அமைந்த டால்ஸ்டாய் பண்ணை புகலிடமாயிற்று.

1915இல் சென்னை வந்த காந்தியும் கஸ்தூரிபாவும் நடேசனின் இல்லத்திலேயே தங்கினர். பிற்காலத்தில் அரசியலில் காந்தியின் பாதையிலிருந்து விலகி மிதவாதியாக நின்ற நடேசன், இந்திய விடுதலையைக் கண்ட பின்னரே மறைந்தார்.

இவ்வரலாறு எமக்கு அந்நியமானதன்று. 1964ஆம் ஆண்டின் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தப்படி 525,000 பேரை ஏற்க இந்தியா உடன்பட்டது. அதன்கீழ் கப்பலேறிய மலையக மக்களுள் இங்கேயே பிறந்தோர் ஏராளம். அவர்களுக்கு மண்டபத்துக்கு அப்பால் இருந்ததும் அறியாத ஊரே. இன்றும் வளைகுடா நாடுகளிலிருந்து சம்பளமின்றித் திருப்பியனுப்பப்படுவோருள் தமிழரும் உளர், முஸ்லிம்களும் உளர். கடனும் வெறுங்கையுமாக வந்திறங்கும் அவர்களுக்கு அனுதாபம் மட்டும் போதாது. தங்க இடம், பிள்ளைகளின் பாடசாலைச் செலவு, வரவேண்டிய சம்பளத்தைக் கோரும் சட்ட உதவி ஆகியனவே தேவை. கோவில்களும் பள்ளிவாசல்களும் ஊர்ச் சங்கங்களும் இணைந்தால் இவை இயலாதவையல்ல. வந்தவர் எந்த இனத்தவர் என வினவாது கதவைத் திறப்பதே நடேசனுக்கு நாம் செலுத்தும் உண்மையான அஞ்சலியாகும்.