காந்தி ஆட்டுப்பால் குடித்தது ஏன்? வயிறு ஒத்துக்கலையா, வேற காரணமா?

ஜிகர்தண்டா குடிச்சு ஒரு மணி நேரத்துல வயிறு உப்பி, கடமுடான்னு சத்தம் போடுதா? பசும்பாலை விட்டுட்டு ஆட்டுப்பாலுக்கு மாறு, காந்தியே அதைத்தானே குடிச்சார்னு யாராவது சொல்லியிருப்பாங்க. காந்தி குடித்தது உண்மைதான். ஆனா, காரணமே வேற.

பாலை விட்ட கதை

1869 அக்டோபர் 2-ல் போர்பந்தரில் பிறந்த காந்தி, 1888-ல் லண்டனுக்குப் படிக்கப் போகும் முன் இறைச்சியைத் தொடமாட்டேன் என்று தாயாருக்குச் சத்தியம் செய்தார். தென்னாப்பிரிக்காவில் அவரது உணவுச் சோதனைகள் தீவிரமாயின. 1912-ல் டால்ஸ்டாய் பண்ணையில் நண்பர் காலன்பாக்குடன் சேர்ந்து பாலையும் விட்டார். பால் புலன்களைத் தூண்டும் என்று நம்பியது ஒரு காரணம். கடைசிச் சொட்டுவரை கறக்க மாடுகளைக் கொடுமைப்படுத்துவதாகப் படித்தது இன்னொன்று. பால் குடித்து வயிறு கெட்டதால் அல்ல.

சாவைத் தொட்ட வயிற்றுப்போக்கு

1918-ல் குஜராத்தின் கேடா மாவட்டத்தில் வேர்க்கடலை வெண்ணெயும் எலுமிச்சையுமே அவருக்கு முக்கிய உணவு. ஏற்கெனவே லேசான சீதபேதி. ஒரு பண்டிகை நாளில் கஸ்தூரிபா செய்த இனிப்புக் கஞ்சியை வயிறாரச் சாப்பிட, நோய் முற்றியது. ஒரே நாளில் 30, 40 முறை போனது. இனி பிழைக்கமாட்டோம் என்றே நினைத்துவிட்டார்.

பால் குடிக்காமல் உடம்பு தேறாது என்றார் மருத்துவர். காந்தி மறுத்தார். விரதம் எடுத்தபோது மனதில் இருந்தது பசும்பாலும் எருமைப்பாலும்தானே, ஆட்டுப்பாலுக்கு என்ன தடை என்று கேட்டார் கஸ்தூரிபா. 1919 தொடக்கத்தில் காந்தி இணங்கினார். விரதத்தின் சொல்லைக் காத்து, அதன் பொருளைக் கைவிட்டுவிட்டோமே என்ற உறுத்தலைச் சத்திய சோதனையில் அவரே பதிவு செய்திருக்கிறார்.

1921 செப்டம்பர் 22-ல் மதுரை மேலமாசி வீதியில் அவர் அரையாடைக்கு மாறியபோது, ஆட்டுப்பாலுக்கு மாறி இரண்டரை ஆண்டுகள் ஆகியிருந்தன. 1948 ஜனவரி 30-ல் சுடப்பட்டபோது உடுத்தியிருந்த, ரத்தக்கறை படிந்த துணி இன்று மதுரை காந்தி அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

அப்போ ஆட்டுப்பால் தீர்வா?

இல்லை. பாலில் உள்ள லாக்டோஸ் என்ற சர்க்கரையைச் செரிக்க, சிறுகுடலில் லாக்டேஸ் என்ற நொதி வேண்டும். அது குறைந்தால் செரிக்காத சர்க்கரை பெருங்குடலுக்குப் போய்ப் புளிக்கும். அதுதான் உப்புசம், வாயு, பேதி. வட இந்தியர்களைவிட தென்னிந்தியர்களிடம் இது அதிகம். பலமான வயிற்றுப்போக்குக்குப் பிறகும் இந்த நொதி தற்காலிகமாகக் குறையலாம். ஆட்டுப்பாலிலும் கிட்டத்தட்ட அதே அளவு லாக்டோஸ் உண்டு. தயிரும் மோரும் பலருக்கு ஒத்துக்கொள்ளும், ஏன்னா அதிலுள்ள பாக்டீரியாக்களே கொஞ்சம் லாக்டோஸைச் செரித்துவிடும்.

பால் ஒவ்வாமை வேறு. அங்கே பிரச்சினை பாலின் புரதம். எதிர்ப்பது நோய் எதிர்ப்பு மண்டலம். சில மடக்கிலேயே தடிப்பு, வாந்தி, மூச்சுத்திணறல் வரலாம். ஆட்டுப்பால் புரதமும் பசும்பால் புரதத்தைப் போலவே இருப்பதால், ஒன்று ஒவ்வாதவர்களில் பெரும்பாலானோருக்கு மற்றதும் ஒவ்வாது. ஒவ்வாமை உள்ள கைக்குழந்தைக்கு ஆட்டுப்பால் கொடுத்துப் பார்ப்பது ஆபத்து.

பால் குடிச்சா வயிறு படுத்துதுன்னா, இரண்டில் எதுன்னு முதல்ல டாக்டர்கிட்ட கேளுங்க. காந்தி ஆடு தேடியது விரதத்துக்காக, வயிற்று ஒவ்வாமைக்காக அல்ல.