மழையை மின்சாரமாக்கிய மனிதர்

ஜாம்ஷெட்ஜி டாட்டாவை அறியாதார் யார்? ஜாம்ஷெட்பூர் இரும்பாலையும் பெங்களூர் இந்திய அறிவியல் கழகமும் அவர் பெயரை என்றும் சொல்லும். ஆனால், நம் சயானில் எரியும் விளக்குக்கும் அவருக்கும் உள்ள உறவை எண்ணிப் பார்ப்பவர் சிலரே. அவ்வுறவை மாணவத் தோழர்களுக்கு எடுத்துரைக்க விரும்புகிறேன்.

அவர் 1839ஆம் ஆண்டு மார்ச் 3ஆம் நாள், குஜராத்தின் நவசாரியில் பார்சி குருமார் குடும்பம் ஒன்றில் பிறந்தார். தந்தை நசர்வான்ஜி குலத்தொழிலை விட்டு வாணிகம் தேடிப் பம்பாய்க்கு வந்தவர். மகனும் பம்பாய்க்கு வந்து, எல்பின்ஸ்டன் கல்லூரியில் பயின்று 1858இல் தேறினார். 1868இல் 21,000 ரூபாய் முதலுடன் தனி நிறுவனம் கண்டார். 1877இல் நாகபுரியில் எம்பிரஸ் பஞ்சாலையைத் தொடங்கினார். தீப்பிடித்தால் தானே நீர் தெளிக்கும் குழாய்களை அந்த ஆலையில் அமைத்தார். இடர் வந்தபின் வருந்துவதினும் வருமுன் காப்பதே அவர் இயல்பு.

1886இல் அவர் வாங்கிய சுதேசி ஆலை, சயானுக்கு அடுத்த சூனாபட்டியில் இருந்தது. தேய்ந்த இயந்திரங்கள், நட்டத்தின்மேல் நட்டம். ஆயினும் அவர் கைவிடவில்லை. தம் சொந்தப் பொருளையே அதில் இட்டு ஆலையை நிமிர்த்தினார்.

அந்நாளில் பம்பாய் ஆலைகள் நீராவியால் ஓடின. நிலக்கரியோ தொலைவிலிருந்து வரவேண்டும். அது வரத் தவறினால் ஆலை நிற்கும். ஆலை நின்றால் தொழிலாளியின் அடுப்பும் நிற்கும். நகருக்கு அருகிலேயே மேற்கு மலைத்தொடரில் ஆண்டுதோறும் கொட்டும் மழை வீணே கடலுக்கு ஓடியது. அதைத் தேக்கி மின்சாரமாக்கலாம் என்ற எண்ணத்தை டேவிட் காஸ்ட்லிங் அவரிடம் கொண்டுவந்தார். ஜாம்ஷெட்ஜி அதைப் பற்றிக்கொண்டார். ஆனால், பயனைக் காண அவர் இருக்கவில்லை. 1904 மே 19 அன்று ஜெர்மனியில் காலமானார்.

தந்தையின் கனவை மக்கள் நிறைவேற்றினர். 1910இல் நிறுவனம் பிறந்தது. 1915இல் லோனாவாலா ஏரிகளின் நீர் 500 மீட்டருக்கும் மேற்பட்ட உயரத்திலிருந்து கோபோலிக்கு இறங்க, மின்சாரம் பம்பாயை அடைந்தது. 1922இல் பிவ்புரியும், 1927இல் பீராவும் தொடர்ந்தன. பீராவுக்காக முல்ஷி உழவர் தம் நிலத்தை இழந்தனர் என்பதையும், 1921இல் சேனாபதி பாபட் தலைமையில் அறப்போர் நடத்தினர் என்பதையும் நாம் மறத்தலாகாது. நம் வெளிச்சத்தில் அவர்கள் கண்ணீரும் கலந்திருக்கிறது.

1956இல் செம்பூரை அடுத்த டிராம்பேயில் அனல்மின் நிலையம் எழுந்தது. பின்னர் நகரம் நாட்டின் பெரிய மின்தொகுப்போடு இணைந்தது. இணைப்பால் வலிமை உண்டு. ஓரிடத்து நோய் எங்கும் பரவும் அச்சமும் உண்டு. ஆகவே 1981இல் ஓர் ஏற்பாடு செய்தனர். வெளியே தொகுப்பு சரிந்தால், ரிலே எனப்படும் காவற்கருவிகள் மும்பையைத் தனித்தீவாகப் பிரித்துவிடும். உள்ளூர் மின்சாரத்தைக் கொண்டு நகரம் தன்னைத் தாங்கிக்கொள்ளும்.

ஆனால், 2020 அக்டோபர் 12 காலையில் அந்தத் தீவு நிலைக்கவில்லை. வெளிக்கம்பிகள் அடுத்தடுத்து அறுபட்டபோது, நகருக்குள் உற்பத்தியான மின்சாரம் தேவைக்குப் போதவில்லை. மின்ரயில்கள் நின்றன. தாராவியில் தையல் இயந்திரங்கள் ஓய்ந்தன. எங்கள் சயான் குடியிருப்பில் மூச்சுக்கருவியை நம்பியிருந்த முதியவர் ஒருவரை, நாங்கள் நால்வர் நாற்காலியில் வைத்து நான்கு மாடி இறக்கினோம். மின்சாரம் என்பது வசதி மட்டுமன்று, உயிர் என்பதை அன்று கண்டேன்.

கணிப்பொறி வழியே புகுந்த பகைவர் செயலோ என்றும் ஐயம் எழுந்தது. மனிதத் தவறே காரணம் என்றது மத்திய அரசு. எனினும் அவ்வச்சம் வீணன்று. 2015 டிசம்பரில் உக்ரைனில் கணிப்பொறிக் களவாளர் ஏறத்தாழ 2,25,000 வீடுகளையும் நிறுவனங்களையும் இருளாக்கினர். அங்கே ஊழியர் துணைமின் நிலையங்களுக்கு ஓடிக் கையாலேயே இணைப்புகளை மூடி, சில மணி நேரத்தில் ஒளியை மீட்டனர்.

தோழர்களே! அனல்மின் நிலையம் அணைந்தால், மீண்டும் எழ வெளியிலிருந்து மின்சாரம் வேண்டும். புனல்மின் நிலையமோ ஏறத்தாழத் தானே எழும், அனலையும் எழுப்பும். அருகிலுள்ள நீரை நம்பிய ஜாம்ஷெட்ஜியின் கனவு, கணிப்பொறிக் காலத்திலும் நகரின் காவலாக நிற்பது இதனால்தான். உங்களுள் பொறியியல் பயில்வோர் நாளை மின்தொகுப்புகளைக் கணிப்பொறியிடம் ஒப்படைப்பீர்கள். ஒப்படையுங்கள். ஆனால், அருகே ஓர் ஊற்றும், கையால் இயக்கத் தெரிந்த ஊழியரும் எப்போதும் இருக்கச் செய்யுங்கள். அந்தப் பெரியாருக்கு நாம் செலுத்தும் நன்றி அதுவே.