குசினித் தொட்டியும் கலமென்சவ்வும்

ஆக்னஸ் பொக்கெல்ஸ் 1862இல் வெனிஸில் பிறந்து, ஜேர்மனியின் பிறவுன்ஷ்வைக் நகரில் வளர்ந்தவர். அந்நாளில் அங்கே பெண்களுக்குப் பல்கலைக்கழகம் இல்லை. தம்பி பௌதிகவியல் படிக்கப் போனார். அக்கா நோயாளிகளான பெற்றோரைப் பார்த்துக்கொண்டு வீட்டில் இருந்தார். தம்பி அனுப்பிய புத்தகங்களைப் படித்தார்.

எங்களில் எத்தனையோ பேர் பட்டத்தோடு வந்து கோப்பை கழுவினோம். இவர் கோப்பை கழுவும் தண்ணீரையே ஆராய்ந்தவர். 20 வயதளவில் ஒரு தகரத் தொட்டி செய்தார். நீரின் குறுக்கே தகரக் கீற்றொன்றை நகர்த்தினால் மேலே படர்ந்த எண்ணெய்ப் படலம் நெருங்கும். நீரில் ஒட்டிய பொத்தானைச் சின்னத் தராசால் இழுத்துப் பரப்பிழுவிசையை அளந்தார். 1891இல் ரெய்லி பிரபுவுக்கு எழுதிய கடிதம் நேச்சர் இதழில் வெளிவந்தது.

அந்தத் தொட்டியை லாங்மியூர் திருத்தி 1917இல் பயன்படுத்தினார். 1925இல் லைடனில் கோர்ட்டரும் கிரெண்டலும் செங்குருதிக் கலங்களின் கொழுப்பை அவ்விதம் நீரில் பரப்பினார்கள். கலங்களின் மேற்பரப்பைப்போல் இருமடங்கு வந்தது. ஆகவே மென்சவ்வு இரட்டை அடுக்கு. கணக்குப் பார்க்கும் எங்களுக்கு இதில் ஒரு வேடிக்கை: கொழுப்பையும் முழுதாக எடுக்கவில்லை, கலத்தின் பரப்பையும் குறைத்தே கணித்தார்கள். இரண்டு பிழையும் ஒன்றையொன்று தின்று ஐந்தொகை பொருந்திவிட்டது!

கொழுப்பு அடுக்கு உப்பை உள்ளே விடாது. அதற்குள் செருகி நிற்கும் புரதங்களே உப்புக்கும் சீனிக்கும் வழி திறக்கின்றன. அந்தப் படத்தை 1972இல் சிங்கரும் நிக்கல்சனும் தந்தார்கள்.

பொக்கெல்ஸுக்கு 1932இல், 70 வயதில், பிறவுன்ஷ்வைக் தொழில்நுட்பக் கல்லூரி கௌரவ கலாநிதிப் பட்டம் வழங்கியது. 1935இல் காலமானார்.