இரண்டரை சென்ட் கூலிக்காகத் தோட்டத்தை விட்ட பாடகர் மடி வாட்டர்ஸ்

1943ஆம் ஆண்டு. அமெரிக்காவின் மிசிசிப்பி மாநிலத்தில் ஸ்டோவல் பருத்தித் தோட்டத்தில் டிராக்டர் ஓட்டி வந்த 30 வயது தொழிலாளி ஒருவர், மேற்பார்வையாளரிடம் கூலி உயர்வு கேட்டார். மணிக்கு இருபத்திரண்டரை சென்ட் கிடைத்து வந்தது. அதை 25 சென்ட் ஆக்கித் தரும்படி கேட்டார். மேற்பார்வையாளர் சீறி விழுந்தார்.

அந்தத் தொழிலாளி வாதாடவில்லை. அதே வாரம் வெள்ளிக்கிழமை, உடுத்தத் துணியும் ஒரு கித்தாரும் எடுத்துக்கொண்டு சிகாகோ ரயிலில் ஏறினார். அவர்தான் பின்னாளில் புளூஸ் இசையின் தலைமகனாகப் போற்றப்பட்ட மடி வாட்டர்ஸ்.

இயற்பெயர் மெக்கின்லி மோர்கன்ஃபீல்ட். 1913 ஏப்ரல் 4ஆம் தேதி மிசிசிப்பியில் பிறந்தவர். சிறு வயதிலேயே தாயை இழந்ததால் பாட்டிதான் வளர்த்தார். எந்நேரமும் ஓடைச் சேற்றில் விளையாடிய பேரனுக்குப் பாட்டி இட்ட செல்லப் பெயர் 'மடி'. ஆங்கிலத்தில் அதற்குச் சேறு படிந்தவன் என்று பொருள். நீரைக் குறிக்கும் 'வாட்டர்ஸ்' பிற்பாடு சேர்ந்துகொண்டது.

பாட்டியுடன் ஸ்டோவல் தோட்டத்துக்கு வந்த சிறுவன், சில ஆண்டுகளிலேயே பள்ளியை விட்டு வயலில் இறங்கினான். அடிமை முறை ஒழிந்து அரை நூற்றாண்டு கடந்திருந்தாலும், அங்கிருந்த கறுப்பினக் குடும்பங்களின் நிலை பெரிதாக மாறிவிடவில்லை. நிலம் முதலாளியுடையது. விளைச்சலில் ஒரு பங்கு அவருக்குப் போகும். விதைக்கும் உணவுக்கும் வாங்கிய கடனை ஆண்டு முடிவில் கழித்தால், மிஞ்சுவது சொற்பம். சிலருக்குக் கடனே மிஞ்சும்.

வாரம் முழுவதும் முதலாளிக்கு உழைத்த அந்த மக்களுக்கு, சனிக்கிழமை இரவு ஒன்றுதான் சொந்தம்.

மடியின் குடிசை அப்படிப்பட்ட இரவுகளில் களைகட்டும். மண்ணெண்ணெய் விளக்கு எரியும். மீன் பொரியும். கள்ளச் சாராயமும் சூதாட்டமும் இருக்கும். நடுவே மடியின் கித்தார் ஒலிக்கும். அந்தக் கித்தார் வந்த கதை எளியது. 17 வயதில், வீட்டிலிருந்த கடைசிக் குதிரையை விற்று, கிடைத்த பணத்தில் பாதியைப் பாட்டியிடம் கொடுத்துவிட்டு, தம் பங்கில் இரண்டரை டாலர் செலவழித்து வாங்கியது அது. சன் ஹவுஸ் என்ற மூத்த கலைஞர் வாசிப்பதை அருகிருந்து பார்த்துப் பார்த்தே வித்தையைக் கற்றுக்கொண்டார்.

1941இல் நாட்டுப்புறப் பாடல்களைத் தேடி ஆய்வாளர்கள் ஆலன் லோமாக்ஸும் ஜான் வொர்க்கும் அத்தோட்டத்துக்கு வந்தனர். அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்துக்காக மடியின் பாடல்களைப் பதிவு செய்தனர். தம் குரலை ஓர் இசைத்தட்டில் முதன்முறையாகக் கேட்டபோதுதான், தம்மாலும் முடியும் என்ற நம்பிக்கை அவருக்குப் பிறந்தது. இரண்டு ஆண்டுகளில் அந்த இரண்டரை சென்ட் தகராறு வந்தது. புறப்படுவதற்கு அதற்கு மேல் காரணம் வேண்டியிருக்கவில்லை.

சிகாகோவில் பகலில் காகிதத் தொழிற்சாலை வேலை. பிறகு லாரி ஓட்டி, சன்னல் திரைகளைக் கடை கடையாகக் கொண்டு சேர்க்கும் வேலை. இரவில் வாசிப்பு. வீட்டு வாடகைக்குப் பணம் திரட்ட அந்நகரக் கறுப்பின மக்கள் வீட்டிலேயே நடத்திய வார இறுதி விருந்துகள்தாம் அவருடைய முதல் மேடைகள். நகரத்தில் ஒரு சிக்கல் இருந்தது. மதுக்கூடங்களின் கூச்சலில் மரக் கித்தாரின் ஓசை எடுபடவில்லை. ஆகவே மின்கித்தாருக்கு மாறினார். தோட்டத்தில் பாடிய அதே பாட்டுதான். ஆனால், ஒலிபெருக்கி வழியே வந்தபோது அது புதிய இசையாகிவிட்டது.

1948இல் வெளிவந்த அவரது இசைத்தட்டு, ஒரே வார இறுதியில் விற்றுத் தீர்ந்தது. ஆளுக்கு ஒன்று என்று கடைக்காரர் கட்டுப்படுத்தியதால், பாடியவருக்கே கூடுதல் பிரதி கிடைப்பது பெரும்பாடாக இருந்தது. தெற்கிலிருந்து வந்து ஆலைகளில் உழைத்தவர்கள், அந்தக் குரலில் தாங்கள் விட்டு வந்த ஊரைக் கேட்டார்கள்.

அடுத்து அவர் அமைத்த குழுவில் ஹார்மோனிக்காவுக்கு லிட்டில் வால்டர், இரண்டாவது கித்தாருக்கு ஜிம்மி ரோஜர்ஸ், பியானோவுக்கு ஓட்டிஸ் ஸ்பான் என வல்லவர்கள் இருந்தனர். கித்தார், டிரம், பாடகர் என்று இன்று ராக் குழுக்கள் மேடையில் நிற்கும் அமைப்புக்கு முன்னோடிகளில் அக்குழுவும் ஒன்று. 1955இல் வாய்ப்புத் தேடி வந்த சக் பெர்ரியைச் செஸ் இசைத்தட்டு நிறுவனத்துக்குப் போகச் சொன்னவரும் மடிதான். ராக் அண்ட் ரோல் வரலாற்றில் பெர்ரியின் இடம் அங்கே தொடங்கியது.

1958இல் இங்கிலாந்து சென்றபோது, அவரது மின்கித்தாரின் சத்தம் அங்கு சிலருக்கு அதிர்ச்சியாக இருந்தது. ஆனால், அந்நாட்டு இளைஞர்கள் அந்தச் சத்தத்தைப் பிடித்துக்கொண்டனர். 1962இல் லண்டனில் உருவான குழு ஒன்று, 1950இல் வெளியான அவரது பாடலிலிருந்தே தன் பெயரை எடுத்துக்கொண்டது. அதுதான் ரோலிங் ஸ்டோன்ஸ்.

அவரைப் பின்பற்றியவர்கள் கோடிகளைக் குவித்தபோது, மடிக்குக் கிடைத்தது குறைவு. பாடல்களுக்கான உரிமைத்தொகை முறையாக வரவில்லை என்று 1976இல் வில்லி டிக்சனும் அவரும் ஆர்க் மியூசிக் என்ற பதிப்பு நிறுவனத்தின் மீது வழக்குத் தொடுத்தனர். அது சமரசத்தில் முடிந்தது. டிராக்டர் ஓட்டிய காலத்தில் கேட்ட அதே நியாயத்தை, 60 வயதைக் கடந்த பின்பும் அவர் கேட்க வேண்டியிருந்தது. அந்த வயதிலும் குரல் தளரவில்லை. ஆறு கிராமி விருதுகள் அவரைத் தேடி வந்தன.

1981 நவம்பர் 22, ஞாயிற்றுக்கிழமை. சிகாகோவின் தென்பகுதியில் செக்கர்போர்ட் லவுஞ்ச் என்ற சிறிய கூடம். விளையாட்டு அரங்குகளை நிரப்பி வந்த ரோலிங் ஸ்டோன்ஸ் கலைஞர்கள் அங்கே ரசிகர்களாக வந்து அமர்ந்தனர். மடி அழைத்ததும் ஒவ்வொருவராக மேடையேறி அவருடன் இணைந்து வாசித்தனர். அன்றிரவு அவர்கள்தாம் விருந்தாளிகள்; வீட்டுக்காரர் மடி.

1983 ஏப்ரல் 30ஆம் தேதி, சிகாகோ அருகே வெஸ்ட்மாண்டிலுள்ள தம் வீட்டில், உறக்கத்திலேயே அவர் உயிர் பிரிந்தது. அடுத்த ஆண்டு தொடங்கிய சிகாகோ புளூஸ் விழாவில் இன்றும் அனுமதி இலவசம். வாரம் முழுவதும் உழைத்தவர்கள் குடும்பத்தோடு வந்து புல்தரையில் அமர்ந்து கேட்கிறார்கள். ஸ்டோவல் தோட்டத்துக் குடிசையின் மரச்சுவர்கள் இப்போது கிளார்க்ஸ்டேல் நகர அருங்காட்சியகத்தில் உள்ளன.

அவர் மறைந்த நாள் ஒரு சனிக்கிழமை.